ஆய்வு நாளன்று அப்பா வேனில் இருந்தார்

1

எங்கள் இல்லத்தின் தரம் இறங்கிவிட்டது. காரணம் நான்தான்.

வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றின் துணை மேலாளராக வேலை பார்க்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அதில் பதினான்கு வருடம் இதே கட்டடத்தில். இங்கே ஓர் ஆணையம் இருக்கிறது. ஆட்கள் வந்து இல்லங்களை ஆய்வு செய்து தரம் போடுவார்கள். போன மாதம்வரை எங்கள் வாசல் கண்ணாடியில் 'நன்று' என்று ஒட்டியிருந்தது. இப்போது 'மேம்பாடு தேவை'. பழையதைச் சுரண்டி எடுத்துப் புதியதை ஒட்டியதும் நான்தான்.

வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒவ்வொரு ஆய்வுக்கு முந்தின வாரமும் நான் என்ன செய்வேன் என்று அவர்களுக்குத் தெரியும். பராமரிப்புப் பதிவேடுகளை மேசையில் குவித்து, காலியாக இருக்கும் கட்டங்களைத் தேடி, யார் அன்றைக்கு வேலையில் இருந்தாரோ அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து நிரப்ப வைப்பேன். தண்ணீர் கொடுத்தோம், திருப்பிப் படுக்க வைத்தோம், குளிப்பாட்டினோம். கொடுத்திருப்பார்கள், எழுத நேரம் இருந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இந்த முறை அதைச் செய்யவில்லை. காலிக் கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்றேன். ஆய்வாளர்கள் வந்தார்கள், எண்ணினார்கள், தரத்தை இறக்கினார்கள்.

எங்கள் மேலாளர் இந்த ஊர்க்காரப் பெண்மணி, நல்லவர். நடைவழியில் என்னை நிறுத்தி, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தால் ஆங்கிலம் ஓடிவிடும். "என் அப்பா வேனில் இருந்தார்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, வருந்துகிறேன், எப்போது நடந்தது, சவ அடக்கம் ஆகிவிட்டதா என்றார். விபத்து என்று நினைத்துவிட்டார். இல்லை, அப்பா உயிரோடு இருக்கிறார் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மிச்சத்தை அவரிடம் சொல்லவில்லை. அதை எனக்குத் தமிழில்தான் சொல்லத் தெரியும். உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

2

அப்பாவுக்கு எண்பது முடிவதை ஒட்டி பிப்ரவரியில் சென்னைக்குப் போயிருந்தேன். பதினேழு வயது மகள் அனுவையும் கூட்டிப் போனேன். அவள் வர மறுத்தாள். தாத்தாவோடு பேச அவளிடம் தமிழ் இல்லை. என்னோடு பேச அவளிடம் விருப்பம் இல்லை. இழுத்துக்கொண்டுதான் போனேன்.

அப்பா மூன்று வருடமாக மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் நடுவில் ஒரு சந்தில் இருக்கும் முதியோர் இல்லத்தில் இருந்தார். இல்லத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற இல்லங்கள் எல்லாம் தப்பித்ததாக நினைத்துக்கொள்ளும். பழைய மாடி வீடு ஒன்றை இரண்டாகத் தடுத்து, இருபத்தாறு பேரைப் படுக்கவைத்திருந்தார்கள். வாசலில் துளசி மாடம், உள்ளே பினாயில் வாசனை, சுவரில் சிரிக்கிற தாத்தா பாட்டிகளின் பெரிய படம். அந்தப் படத்தில் இருந்தவர்கள் யாரும் அந்த இல்லத்தில் இல்லை.

அப்பாவுக்கு மறதி நோய். என்னைப் பார்த்ததும் "வாங்கம்மா, என்ன வேணும்?" என்றார். தி. நகரில் ஒரு குறுகலான கடையில் நாற்பது வருடம் தராசு பழுது பார்த்தவர். வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டார். அனுவைப் பார்த்துச் சிரித்தார். அவள் "ஹாய் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டாள்.

அங்கே அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் செல்வி. நாற்பது வயதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆற்றங்கரையில் குடிசை இருந்தவரை நடந்தே வேலைக்கு வந்தவள். குடிசைகளை எடுத்து அவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, இரண்டு பஸ் மாறி வருகிறாள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"நைனா இப்பதான் துன்னாரு. கஞ்சி முழுசும் துன்ட்டாரு. நீ குந்துக்கா, நா மத்தவங்கள பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஓடினாள் என்றால் ஓடினாள்தான். அந்தப் பத்து நாளில் செல்வி நடந்து நான் பார்த்ததில்லை.

மேலாளர் பிரபாகர் என்னைத் தன் அறைக்கு அழைத்து ஃபில்டர் காபி கொடுத்தார். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை, பேச்சில் தேன்.

"மேடம், ஒரு சின்ன ஹெல்ப். நம்ம ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கணும். அடுத்த வாரம் அரசாங்கத்துலேர்ந்து இன்ஸ்பெக்‌ஷன். நீங்க லண்டன்ல இதே ஃபீல்டுல இருக்கீங்க. நம்ம ஃபைலை எல்லாம் ஒரு தடவ பாத்துக் குடுத்தீங்கன்னா..."

லண்டன் இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக, வேற்று நாட்டுக் கிழவர்களுக்குக் கால் கழுவுகிறாள் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிய ஊர் அது. அந்த ஊரில் ஒருவர் என்னை நிபுணர் என்கிறார். சரி என்றேன்.

3

நான்கு நாள் அந்த அறையில் உட்கார்ந்தேன். அப்பாவின் கட்டில் அங்கிருந்து பத்தடி தூரம்.

அவர்களிடம் இருந்தவை பழைய நோட்டுப் புத்தகங்கள்; பால் கறை, எண்ணெய்க் கறை, பாதி நாள் எழுதவே இல்லை. நான் அழகான படிவங்கள் தயாரித்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. விழும் அபாயம், தோலின் நிலை, உணவு, நடைப்பயிற்சி, இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்த நேரம். எல்லாம் ஆங்கிலத்தில். பிரபாகரிடம் கேட்பேன், "தினமும் நடக்க வைக்கறீங்களா?" அவர், "டெய்லி மேடம், பத்து நிமிஷமாவது" என்பார். எழுதுவேன். மூன்று மாதத்துக்கு முந்தைய கட்டங்களையும் நிரப்பினேன். ஒரே பேனாவில் எழுதினால் சந்தேகம் வரும் என்று நீலம், கறுப்பு என்று மாற்றி மாற்றி எழுதினேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான்தான் அவர்களுக்குச் சொல்லித்தந்தேன்.

அந்த நான்கு நாளும் அனு எங்கே இருந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. செல்வியின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். தண்ணீர் டம்ளர் தூக்கிக்கொண்டு, போர்வை மடித்துக்கொண்டு. ஒருநாள் என்னிடம் வந்து, "அம்மா, அந்தப் பாட்டி அழுதுக்கினு கீது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கோபாலபுரத்தில் வளர்ந்தவள் நான். அப்படிப் பேசக்கூடாது என்று அடி வாங்கி வளர்ந்தவள். "அழுதுண்டு... அழுதுகிட்டு இருக்காங்கன்னு சொல்லு" என்று திருத்தினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். பதினேழு வருடத்தில் என் மகள் தானாகப் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. நான் எழுந்து அந்தப் பாட்டி ஏன் அழுகிறாள் என்று பார்த்திருக்க வேண்டும். வாக்கியத்தைத் திருத்திவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் மாலை செல்வி கையெழுத்துப் போட வந்தாள். பகல் வேலையின் படிவங்கள் எல்லாவற்றிலும் அவள் பெயர் இருந்தது. தமிழில் 'செல்வி' என்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். அப்பாவுடையதும் சேர்த்துப் பத்துப் பதினைந்து தாள் ஆனதும் நிறுத்தினாள்.

"இன்னாக்கா எழுதிக்கீது இதுல?"

"நீ தினமும் செய்யறதுதான்."

"அதான், இன்னா செய்றேன்னு எழுதிக்கீது? நைனாவோடத கொஞ்சம் படிச்சி காட்டேன்."

படித்துக் காட்டினேன். காலை பத்து மணி, இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைக்கப்பட்டார். பன்னிரண்டு மணி, வலப்பக்கம். மாலை பத்து நிமிட நடை. தோலில் காயம் எதுவும் இல்லை.

செல்வி பேனாவை மேசையில் வைத்தாள்.

"இன்னாக்கா இது? நைனா நடந்து ஏழெட்டு மாசம் ஆவுது. நாற்காலிலேர்ந்து வுழுந்துடுவாருன்னு துணியால கட்டி வெக்கச் சொல்லிக்கீறாரு சாரு. பகல்ல இருவத்தாறு பேருக்கு நானும் இன்னொரு பொண்ணும் ரெண்டே பேரு. ரெண்டு மணிக்கு ஒருக்கா திருப்பணும்னு எனுக்குந்தான் தெரியும். கையி ரெண்டுதான கீது?" அவள் மூச்சு வாங்கினாள். "காயம் இல்லன்னு வேற போட்டுக்கீற. நைனா முதுகுல புண்ணு கீதே. நீ பாக்கலியா?"

"என்ன புண்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

போய்ப் பார்த்தேன். அப்பாவைச் சாய்த்து வேட்டியை விலக்கினேன். இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில், உள்ளங்கை அளவுக்கு. நான் செவிலியர் படிப்புப் படித்தவள். ஒருநாள் இரண்டு நாளில் வருகிற புண் இல்லை அது. வாரக்கணக்கில் ஒரே பக்கம் கிடந்தால் வருவது. அதற்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்துதான், திருப்பிப் படுக்கவைக்கப்பட்டார் என்று நான்கு நாள் எழுதியிருக்கிறேன். அந்த நான்கு நாளில் நான் அவரை ஒருமுறைகூடத் திருப்பவில்லை.

4

பிரபாகரிடம் கத்தினேன். இருந்த வார்த்தையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அவர் என்னை உட்காரச் சொன்னார், கதவைச் சாத்தினார், நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மேடம், ரெண்டு பேருக்கு மேல எனக்கு ஆள் கிடைக்கல. வர்றவங்க ஒரு மாசத்துல ஓடிடறாங்க. உங்கப்பா மாதிரி கேஸை வேற எந்த இல்லமும் சேத்துக்காது, நீங்களே விசாரிச்சுப் பாருங்க. நான் சேத்துக்கிட்டேன். மூணு வருஷத்துல நீங்க எத்தனை தடவ வந்தீங்க?"

அவர் மேசைமேல் இருந்த ஒரு கோப்பைத் தட்டினார்.

"ஃபைலைத் தப்புன்னு சொல்றீங்க. கட்டத்தை காலியா விடக்கூடாதுன்னு சொன்னது யாரு மேடம்? நானா? உங்க ஊர்ல மட்டும் எல்லாம் செஞ்சிட்டுத்தான் எழுதறாங்களா?"

எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி, அவர் கேட்டது சரி என்பதால் வந்தது.

அப்பா செய்த தராசு வேலையில் வருடா வருடம் அரசாங்க முத்திரை குத்த வேண்டும். முத்திரை குத்தும் அதிகாரி வருவதற்கு முன்பு பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு வியாபாரிகள் எல்லாரும் தராசைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார்கள். அப்பா சரிசெய்து கொடுப்பார். அதிகாரி போன மறுநாள், பழையபடி எடை ஏமாற்றும்படி ஆக்கித் தரச் சொல்லி இரண்டு மூன்று பேர் திரும்ப வருவார்கள். ஆக்கியும் கொடுத்திருக்கிறார். நான் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்பா புனிதர் இல்லை. அப்படி எழுதி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. ஆனால் அங்கே போனது நூறு கிராம் வெங்காயம். இங்கே போனது அவருடைய சதை.

அன்றைக்கே அப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆறு இல்லங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். படுக்கைப்புண் என்றதும் இடமில்லை என்றார்கள். ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் கட்டுத்துணியும் களிம்பும் வாங்கிவந்து காலையும் மாலையும் நானே கட்டுப் போட்டேன். ஆய்வு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். என் கோப்புகள் அலமாரியில் வரிசையாக, முதுகில் பெயர் ஒட்டி, அழகாக நின்றுகொண்டிருந்தன. அவற்றை எடுத்துக் கிழிக்கவில்லை.

5

ஆய்வு நாளன்று காலை பிரபாகர் ஃபோன் செய்தார். "இன்ஸ்பெக்‌ஷன் டயத்துல ஃபேமிலி மெம்பர்ஸ் இருக்கக் கூடாது மேடம். ரூல். நீங்க நாலு மணிக்கு மேல வாங்க."

ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஆய்வாளர்கள் முதலில் தேடுவதே குடும்பத்தினரைத்தான். ஆட்டோ பிடித்துப் போனோம், நானும் அனுவும். பதினொரு மணி இருக்கும். அப்பாவின் கட்டிலில் வெள்ளை விரிப்பு, சுருக்கமில்லாமல். தலையணைமேல் ஒரு ரோஜாப்பூ. அப்பா இல்லை. அவரோடு இன்னும் ஐந்து கட்டில்கள் காலி. கத்துகிற பாட்டி, குழாய் வழியாகச் சாப்பிடுகிறவர், சட்டையைக் கிழித்துக்கொள்கிறவர், கட்டி வைக்கப்படுகிறவர்கள். பார்க்க நன்றாக இல்லாதவர்கள் எல்லாரும்.

வாசல் காவலாளி மெதுவாகச் சொன்னார். "வேன்ல ஏத்தினு போயிட்டாங்கம்மா. காலைல எட்டு மணிக்கே. பட்டினப்பாக்கம் பக்கம்."

மீன் கடைகளைத் தாண்டி, கடற்கரை ஓரமாக அந்த வேன் வெயிலில் நின்றிருந்தது. ஓட்டுநர் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தேன். உள்ளே அனல். மீன் நாற்றமும் மூத்திர நாற்றமும் கலந்து முகத்தில் அடித்தது. ஆறு பேரையும் இருக்கைகளில் சாய்த்து, இடுப்பில் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். மூன்று மணி நேரமாக. செல்வி ஒரு துண்டை நனைத்து ஒவ்வொரு முகமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா புண் இருக்கும் இடத்தின்மேலேயே உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. "கடையத் தொறக்கணும்" என்றார் என்னைப் பார்த்து. "ஆள்லாம் வந்து நிக்கிறாங்க."

அனு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். வேட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா ஈரமா கீது" என்றாள். இந்த முறை நான் திருத்தவில்லை.

"வண்டிய எடுங்க. இல்லத்துக்குப் போகணும்" என்று ஓட்டுநரிடம் சொன்னேன்.

செல்வி கதவருகே என் கையைப் பிடித்தாள். "அக்கா, வோணாக்கா. நாலு மணி வரிக்கும் வரக்கூடாதுன்னு சாரு சொல்லிக்கீறாரு. இப்ப போனா என் வேல பூடும். எனுக்கு ரெண்டு பசங்க கீதுங்க."

"ஒண்ணும் ஆகாது செல்வி. நான் பாத்துக்கறேன்."

"மெய்யாலுமா?"

"நான் இருக்கேன்ல?"

கையை விட்டாள்.

நாங்கள் போய் இறங்கியபோது ஆய்வு அதிகாரி உள்ளே மேசையில் இருந்தார். ஐம்பதை ஒட்டிய பெண்மணி, பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி. அவர் முன்னால் என் கோப்புகள் விரிந்துகிடந்தன. பிரபாகர் வேனைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாராவாரம் பீச்சுக்கு அவுட்டிங் கூட்டிட்டுப் போவோம் மேடம். காத்தோட்டமா இருக்கட்டும்னு..."

"உங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஒளிச்சு வெச்சிருந்தாங்க" என்றேன் நான். "வெயில்ல. கட்டிப் போட்டு. எங்கப்பா அதுல இருக்காரு. வந்து பாருங்க."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார். அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்: அவர் வேனுக்குள் ஏறினார். மூக்கைப் பொத்தவில்லை. ஆறு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்பாவை உள்ளே படுக்கவைத்ததும் புண்ணின்மேல் இருந்த கட்டைப் பிரிக்கச் சொன்னார். பார்த்தார்.

பிறகு அப்பாவின் கோப்பை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார்.

"காயம் எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கே. போன வாரம் வரைக்கும். யார் எழுதினது இது?"

பிரபாகர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் கெட்டிக்காரர். "ஸ்டாஃப் எழுதறதுதான் மேடம். கீழ செல்வி கையெழுத்து இருக்கு பாருங்க. இன்னிக்கு வண்டியை அங்கயே நிறுத்தி வெச்சதும் இவங்கதான். சீக்கிரம் வரச் சொல்லியிருந்தேன்."

செல்வி என்னைப் பார்த்தாள். அனுவும் என்னைப் பார்த்தாள்.

இங்கிலாந்தில் எனக்கு ஒரு செவிலியர் பதிவு எண் இருக்கிறது. பொய்ப் பதிவு எழுதினேன் என்று ஒரு தாளில் ஏறினால் அந்த எண் போய்விடும். இருபத்திரண்டு வருடமும் போய்விடும். இவ்வளவையும் யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நான் குனிந்து அப்பாவின் விரிப்பைச் சரிசெய்தேன்.

"இன்னா சார் சொல்றீங்கோ? நானா?" என்று செல்வி ஆரம்பித்தாள். அதிகாரி, "ஒவ்வொருத்தரா கேக்கறேன்மா, இருங்க" என்றார். அவளிடம் கேட்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அன்று மாலையே செல்வியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கவனக்குறைவு என்று காரணம். இல்லத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், குறைகளைச் சரிசெய்ய இரண்டு மாத அவகாசம். பதிவு புதுப்பிக்கப்பட்டது.

6

என் சித்தப்பா மகன் அடையாறில் இருக்கிறான். அவன் அலைந்து, அதே பகுதியில் ஒரு சிறிய இல்லத்தைப் பிடித்தான். எட்டே பேர், மூன்று ஆயாக்கள். அப்பாவை அங்கே மாற்றிவிட்டு விமானம் ஏறினேன். செல்வியைப் போய்ப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

விமானத்தில் அனு ஒரே ஒரு வாக்கியம் பேசினாள், ஆங்கிலத்தில். செல்வி அக்கா உன்னைத்தான் பார்த்தார்கள் என்றாள். வீடு வந்த பிறகு அதுவும் இல்லை. அவள் என்னை விட்டு விலகிப் போவது எனக்குப் பழக்கம்தான். இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று நாங்கள் அம்மாக்கள் கூடிப் பேசி ஆறுதல் அடைவோம். மொழி போய்விட்டது, கலாசாரம் போய்விட்டது என்போம். இந்த முறை அந்த ஆறுதல் பலிக்கவில்லை. அவள் மொழியினால் விலகவில்லை.

மூன்று வாரம் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். பிரபாகர்மேல், இரண்டு மாத அவகாசம் கொடுத்த அலுவலகத்தின்மேல், கட்டம் நிரம்பியிருந்தால் போதும் என்று நினைக்கிற இந்த ஊர் ஆணையத்தின்மேல், அப்பா அம்மாவை ஓர் அழகான படத்தைப் பார்த்துச் சேர்த்துவிட்டு வாட்ஸாப்பில் பூ அனுப்புகிற என்னைப் போன்றவர்கள்மேல். கோபப்படுவது சுலபமாக இருந்தது. ஒருநாள் சமையலறையில் நான் இதையெல்லாம் என் கணவரிடம் கொட்டிக்கொண்டிருந்தபோது அனு கீழே இறங்கி வந்து, தமிழில், தேடித் தேடிச் சொன்னாள்:

"நீ எழுதின. செல்வி அக்கா எழுதல. நீ சொல்லு."

கடிதம் எழுதினேன். கோப்புகளில் இருக்கும் எழுத்து என்னுடையது, நடக்காததை நடந்ததாக எழுதினேன், செல்விக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, வேனை அனுப்பியது மேலாளர் என்று அந்த அதிகாரிக்குத் தமிழில் நான்கு பக்கம். ஒரு நகலை இங்கே என் செவிலியர் பதிவு அலுவலகத்துக்கும் மொழிபெயர்த்து அனுப்பினேன். அதன் விசாரணை இன்னும் முடியவில்லை. எண் போகலாம்.

அதிகாரி காணொளியில் விசாரித்தார். நான் ஒப்புக்கொண்டதும், "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். வேறு எதுவும் திட்டவில்லை. பிறகு செல்வியை நேரில் வரவழைத்தார். அவளுடைய ஃபோனில் பிரபாகரின் குரல் பதிவு இருந்திருக்கிறது: நாலு மணிக்கு முன்னால் வண்டி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று. ஆய்வு நாளன்றே அவளிடம் இருந்தது அது. அன்றைக்கு யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது அந்த இல்லத்தில் புதிதாக யாரையும் சேர்க்கத் தடை. பிரபாகரை நிர்வாகம் மாற்றிவிட்டது. செல்வி கவனக்குறைவாக நடந்தாள் என்ற குறிப்பை நீக்கி அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்களாம். அவள் போகவில்லை.

அப்பாவின் புண் ஆறிக்கொண்டு வருகிறது. சித்தப்பா மகன் வாரம் ஒரு படம் அனுப்புகிறான்; முகத்தை அல்ல, புண்ணை. அப்படித்தான் கேட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை செல்விக்கு ஃபோன் செய்தேன். அனு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"சொல்லுக்கா. நைனா எப்டி கீறாரு?"

சொன்னேன். அவள் இப்போது ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாள் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாளாம். ஒரே ஆள்தான், நிதானமாகச் செய்ய முடிகிறது என்றாள். பிறகு நான், "என்னை மன்னிச்சுக்கோ செல்வி" என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"லெட்டர் எழுதினியாமே. ஆபீஸ்ல அந்தம்மா சொன்னாங்கோ. செரி. ஆனா ஒண்ணு கேட்டுக்கோக்கா. அன்னிக்கி நா வண்டிய எடுக்க வுட்டது சாருக்கு பயம் இல்லாம இல்ல. நீ பாத்துக்கறேன்னு சொன்ன. அத்த நம்பி வுட்டேன். ரெண்டு மாசம் வேலயில்லாம குந்தினு இருந்தேன். பஸ்ஸுல போறப்போ மத்த பொண்ணுங்கோ, கெழவனுங்கள வெயில்ல காயப் போட்டவ இவதான்னு பேசிக்கிச்சிங்கோ. அத்த நீ எந்த லெட்டர்ல எழுதி அழிப்ப?"

"அழிக்க முடியாது."

"முடியாதில்ல. அதான் சொல்றேன். மன்னிப்புல்லாம் கேக்காத. இன்னா சொல்றதுன்னு எனுக்குத் தெர்ல." உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. "அம்மாவுக்குத் துடைக்கணும். வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள்.

அனுவுக்கு வேகமான பேச்சு பாதிதான் புரிந்திருந்தது. "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அவளுக்குப் புரிகிற மாதிரி, ஒவ்வொரு வாக்கியமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எனக்குச் சாதகமாக ஒரு சொல்லையும் மாற்றாமல், ஒன்றையும் விடாமல்.